வாசிக்காமல் விட்ட நாலு வரி

ஆலங்கண்மாய்,
பிரஜோற்பத்தி வருஷம் ஆடி 8 (1931)

காளியாயிக்கு,

உன் கார்டை நான் வாசித்து முடிக்கிற வரைக்கும் உன் அம்மா இடுப்பிலிருந்த குடத்தை இறக்கவே இல்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன். எங்கள் கொல்லைப்புற வாசலில் நின்றபடியே கேட்டார். குடம் நிறைய எங்கள் வீட்டுக்கு ஊற்ற வந்த ஊருணித் தண்ணீர். இறக்கி வைத்துவிட்டுக் கேட்கலாமே என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. நினைத்ததை உடனே சொல்கிறவள் இல்லை நான், உனக்குத் தெரியும்.

இதுவரை உன் அம்மா சொல்லச் சொல்லத்தான் உனக்கு எழுதி வந்தேன். இந்தக் கடிதம் எனக்காக எழுதுவது. நாலாம் வகுப்பில் உன்னோடு படித்த வீரலட்சுமி எழுதுகிறேன்.

நீ பயிற்சிக்குப் போகிற மதுரைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வட்டமாக உட்காருவார்கள், டீச்சரும் அவர்களோடு பாயிலேயே உட்காருவார் என்று வாசித்ததும் உன் அம்மா சிரித்துவிட்டார். "பிள்ளைகளோட பிள்ளையாவா? அப்ப யாரு தாயி மெரட்டுறது?" என்றார். பிறகு, "எம்மக அங்க என்ன செய்யிறா?" என்றார். பின்னால் உட்கார்ந்து பார்த்து எழுதுகிறாள், அதுதான் வாத்தியார் படிப்பு என்றேன். "பாக்குறதுக்கா சம்பளம் குடுக்கப் போறாக!" என்று என் அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார். பெருமைதான்.

போகும்போது திரும்பி, "கடைசியா வர்ற பிள்ளைக்கு அங்குட்டு எத்தனை அடியாம்?" என்று கேட்டார். நான் கார்டைத் திருப்பிப் பார்த்தேன். அதெல்லாம் எழுதவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அந்த வகுப்பைப் பற்றி இன்னும் எழுதேன். நான் ஐந்தாம் வகுப்பில் பாதியில் நின்றவள். சமைந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு வாசலைத் தாண்டவில்லை, நாலு வருஷம் ஆகிறது. பள்ளிக்கூடம் அடுத்த சுவர்தானே. காலையில் சத்தம் மட்டும் வருகிறது.

வீரலட்சுமி


மதுரை,
29-7-1931

வீரலட்சுமிக்கு,

உன் சொந்தக் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். பள்ளியில் நாலு வருஷத்தில் நீ என்னிடம் பேசியதைவிட அதில் வார்த்தை அதிகம்.

நீ கேட்டதால் எழுதுகிறேன். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை பயிற்சிப் பிள்ளைகள் நாலு பேர் பின்சுவரோரம் உட்காருவோம். ஆளுக்கொரு நோட்டு. நல்லது கெட்டது என்று அதில் எழுதக் கூடாது. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். நான் பார்த்தது இது. ஞானப்பூ டீச்சர் பிள்ளைகள் வருவதற்கு முன்னாலேயே வந்து வாசல்படியில் நிற்கிறார். வருகிற ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பிள்ளைகள் எழுதியதும் வரைந்ததும் சுவரில் அவர்கள் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒட்டியிருக்கின்றன, டீச்சர்தான் குனிந்து பார்க்க வேண்டும். வராத பிள்ளைக்கு வட்டத்தில் இடம் காலியாகவே இருக்கிறது. பக்கத்துப் பிள்ளை நகர்ந்து உட்கார்வதில்லை. "அது ஆவுடை இடம்" என்கிறார்கள்.

ஆவுடை என்பவள் ஆப்பக்கடைக்காரி மகள். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வந்தாள், முழங்கை வரை மாவு. டீச்சர் கேட்டார், "இன்னிக்கு எத்தனை படி அரைச்சே?"

"மூணு படி டீச்சர்."

"மூணு படிக்கு எத்தனை ஆப்பம் வரும்? எல்லாரும் சொல்லுங்க பாப்போம்."

ஒருத்தி முப்பது என்றாள், ஒருவன் ஆயிரம் என்றான். கடைசியில் ஆவுடையைக் கேட்டார்கள். "எங்க அத்தை ஊத்துனா நூறு. எங்க அம்மா ஊத்துனா நூத்திப்பத்து" என்றாள். வகுப்பே சிரித்தது. ஏன் பத்து கூடியது என்று கணக்குப் போட ஆரம்பித்து, அன்று முழுவதும் ஆவுடைதான் சொல்லிக்கொடுத்தாள். அவள் தாமதமாக வந்ததே பாடமாகிவிட்டது என்று நோட்டில் எழுதினேன். அது கண்ணால் பார்த்தது இல்லையே என்று பிறகு அடித்துவிட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். அம்மாவுக்கு எழுதிய கார்டின் அடியில் தங்கை சின்னக்கண்ணைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். நீ எழுதிய பதிலில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. அம்மா என்ன சொன்னார்?

காளியாயி


ஆலங்கண்மாய்,
ஆடி 22

காளியாயிக்கு,

வாசித்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார் உன் அம்மா. முழங்கால் வலி என்கிறார், வேறு ஒன்றும் இல்லை.

ஆவுடையைப் பற்றி எழுதியிருந்ததை மட்டும் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். அவள் வாசலில் நின்றபோது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாளா, முன்னால் நீட்டினாளா? அதை நீ எழுதவில்லை.

வீட்டில் வேலை இருக்கிறது. இத்துடன் நிறுத்துகிறேன்.

வீரலட்சுமி


மதுரை,
14-8-1931

வீரலட்சுமி அவர்களுக்கு,

நம் ஊர் முத்துவீரன் அண்ணன் கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வந்தார். விடுதி வாசலில் வந்து என்னைப் பார்த்தார். தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "அது தங்கச்சாமி ஐயா வீட்டுல தண்ணி எடுத்து ஊத்துது ஆத்தா. ஒங்க அம்மா கருப்பிக்கு முட்டி முடியலையில்ல. கொடம் பெருசு, பிள்ளை சிறுசு. ஊருணியிலருந்து அவுக கொல்லை வரைக்கும் வழியெல்லாம் தண்ணி" என்றார். உங்கள் வீட்டைத்தான் சொன்னார், சிரிப்புக்காகத்தான் சொன்னார்.

ஆடி நடுவிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லையாம். ஆவணி முடிந்தால் பெயரை அடித்துவிடுவார்களாம். நான் வேண்டாம் என்று எழுதியும் அவளை ஏன் வேலைக்கு விட்டார்கள் என்று கேட்டேன். "காளியாயி சின்னவளைப் பத்தி ஒன்னுமே எழுதக் காணோம்னு ஒங்க அம்மா சொன்னுச்சே" என்றார்.

அவரிடமே சொல்லி அனுப்பியிருப்பேன். அவர் இங்கிருந்து திருநெல்வேலிக்குப் போய்த்தான் ஊர் திரும்புவார், ஒரு மாதம் ஆகும். என் அம்மாவுக்குக் கார்டு வாசிக்க அந்தத் தெருவில் உங்களை விட்டால் ஆள் இல்லை.

அந்த நாலு வரியும் எனக்கு மனப்பாடம். மறுபடி எழுதுகிறேன்.

"சின்னக்கண்ணைத் தண்ணீர் வேலைக்கு விடாதே. அந்த வேலையால்தான் நான் தினமும் கடைசியாகப் போய் அடி வாங்கினேன். இங்கே கடைசியாக வருகிறவளுக்கும் அடி கிடையாது. தை மாதம் நம் ஊர்ப் பள்ளிக்கே பயிற்சிக்கு வரக் கேட்டிருக்கிறேன், நான் போடுகிற வட்டத்தில் என் தங்கை உட்கார வேண்டும்."

இதில் உங்கள் பெயர் எங்கும் இல்லை. பிறகு ஏன் வாசிக்காமல் விட்டீர்கள்?

காளியாயி


ஆலங்கண்மாய்,
ஆவணி 4

காளியாயிக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. நீ "நீங்கள்" என்று எழுதியது சரிதான்.

அந்தக் கார்டில் "அடி" என்ற சொல்லைப் பார்த்ததும் என் கண் கீழே ஓடிவிட்டது. வாய், "எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன்" என்று நீ எழுதாத ஒன்றைச் சொல்லிவிட்டது. அந்த வரியை வாசித்தால் உன் அம்மா "யாரு தாயி அடிச்சது?" என்று கேட்பார். அதற்குப் பயந்தேன். அவ்வளவு சின்னக் காரணம். அதற்காகத்தான் சின்னக்கண்ணு எங்கள் கொல்லைக்குக் குடத்தோடு வந்தாள். அவள் வந்த அன்றாவது சொல்லியிருக்கலாம். அன்றும் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன்.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன். நான் என் கையால் எழுத வேண்டும்.

முதலில் வருகிற பிள்ளையின் உள்ளங்கையில் வாத்தியார் சரஸ்வதி பெயரை எழுதுவார். இரண்டாவது பிள்ளைக்கு ஒரு சுழி, அடி கிடையாது. மூன்றாவதுக்கு ஒரு அடி, நாலாவதுக்கு இரண்டு, அப்படியே ஏறும். முதலில் வந்தவர்தான் மற்றவர்களுக்குப் பிரம்படி போட வேண்டும். நாம் இருபத்துமூன்று பேர். முதலில் நான். கடைசியில் நீ. உனக்கு இருபத்தொன்று.

நான் கெட்டிக்காரி என்பதால் முதலில் வரவில்லை. சுவருக்கு அடுத்த வீடு. நான் எழுந்திருக்கும்போது அண்டாவில் தண்ணீர் நிறைந்திருக்கும், குளித்துவிட்டு நாலு எட்டு வைத்தால் பள்ளிக்கூடம். அந்தத் தண்ணீரை யார் கொண்டுவருகிறார்கள் என்று அப்போது தெரியாது என்று எழுத ஆசையாக இருக்கிறது. தெரியும். நீயும் உன் அம்மாவும் குடத்தோடு கொல்லைக்கும் ஊருணிக்கும் நடப்பதைப் பார்த்துக்கொண்டேதான் ஜடையை முடிவேன். எங்கள் அண்டா நிறைந்த பிறகுதான் நீ பள்ளிக்கு ஓடி வருவாய், பாவாடை ஈரத்தோடு.

நீ எப்போதும் இடது கையை நீட்டுவாய். வலது கை எழுத வேண்டும் என்பாய்.

மெதுவாகப் போட்டால் வாத்தியார் எனக்குப் போடுவார். அது உண்மை. ஆனால் ஒரு நாள் அவர் வெற்றிலை வாங்கப் போயிருந்தார். மழை நாள். நீ வந்து நின்று, "இன்னைக்கு விட்டுரு வீரா, அவர்தான் இல்லையே" என்றாய். எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். நான் எண்ண ஆரம்பித்தேன். இருபத்தொன்று வரை எண்ணினேன். ஒன்றுகூடக் குறைக்கவில்லை. யாரும் சொல்லாமல், யாரும் பார்க்க வராமல், நானாகச் செய்தேன். எனக்கு வாயில்லை, கூச்சக்காரி என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அன்று எண்ணுகிறபோது எனக்குக் கூச்சமே இல்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஐந்து வருஷம் ஆயிற்று. புது வாத்தியாரும் அதே வரிசைதான் வைத்திருக்கிறார். காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் எண்ணுகிற சத்தம் கேட்கும்போது நான் அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

உன் அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று மூன்று நாள் கொல்லையில் போய் நின்றேன். "என்ன தாயி, மண்டையிடியா? மொகம் வெளிறிக் கெடக்கு. சுக்குப் போட்டுத் தரவா?" என்று கேட்டார். உள்ளே வந்துவிட்டேன்.

வீரலட்சுமி


மதுரை,
27-8-1931

வீராவுக்கு,

உன் கடிதம் வந்த வாரத்தில் எனக்கு முதல் பாடம் நடத்தும் முறை வந்தது. நான் வட்டத்தில் உட்கார்ந்து இலைகளை வகை பிரிக்கிற பாடம் எடுத்தேன். வேப்பிலை, புளிய இலை, ஆவாரை எல்லாம் பிள்ளைகளே பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். நன்றாகத்தான் போயிற்று. பாதியில் ஆவுடை வந்தாள்.

நான் என்ன செய்தேன் என்று கேள். இலைகளைச் சுட்டிக் காட்ட ஒரு குச்சி வைத்திருந்தேன். பேச்சு அறுந்த எரிச்சலில் எழுந்து அவளை நோக்கி அந்தக் குச்சியை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனால் கை ஓங்கியது. ஆவுடை இரண்டு எட்டு பின்னால் போனாள். நீ கேட்டிருந்தாயே, அவள் கையை மறைத்தாளா நீட்டினாளா என்று. நீட்டினாள். இடது கையை. அந்தப் பள்ளியில் யாரும் அவளை அடித்ததில்லை. வீட்டில் பழகியிருப்பாள்.

டீச்சர், "ஆவுடை, உன் இடம் காலியாத்தான் இருக்கு" என்றார், அவ்வளவுதான். பின்சுவரோரம் மற்ற மூன்று பேரும் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். கண்ணால் பார்த்ததை எழுதத்தானே உத்தரவு. எனக்கு அந்த வகுப்பில் நிற்க முடியவில்லை.

அதனால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அந்த மழை நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பதினைந்துக்குப் பிறகு நீ நிறுத்துவாய் என்று நினைத்தேன்.

அம்மாவிடம் வாத்தியார் அடித்தார் என்றுதான் சொல்லியிருந்தேன். உன் பெயரைச் சொன்னால் உங்கள் வீட்டில் வந்து சத்தம் போடுவார், வேலை போய்விடும் என்று பயம். அப்போது எனக்குப் பதினொரு வயது. அந்தப் பொய்யை இன்னும் நான்தான் சுமக்கிறேன்.

உன் ஆவணி 4 கடிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். இரண்டையும் என் அம்மாவிடம் வாசி. முதலில் உன்னுடையது, பிறகு என்னுடையது, கடைசியில் அந்த நாலு வரி. உன் வாயால் வாசி. ஒரு வரியும் விடாதே. நீ வாசித்தாயா விட்டாயா என்று இங்கிருந்து எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயல மாட்டேன்.

காளியாயி


ஆலங்கண்மாய்,
ஆவணி 17

காளியாயிக்கு,

இன்று காலை வாசித்தேன். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

விடிந்து கொஞ்ச நேரம். உன் அம்மா கொல்லைப் படலுக்கு உள்ளே கல்லில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருந்தார். சின்னக்கண்ணு முதல் குடத்தை அண்டாவில் ஊற்றிவிட்டு, வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போனேன்.

"மதுரையிலருந்தா? ரெண்டு இருக்கு! வேலை கெடைச்சிருச்சா தாயி?" என்றார்.

"ஒன்னு நான் எழுதுனது" என்றேன். அவருக்குப் புரியவில்லை. நான் வாசிக்க ஆரம்பித்தேன்.

சரஸ்வதி, சுழி, ஒரு அடி, இரண்டு அடி வரைக்கும் தலையாட்டிக்கொண்டே கேட்டார். "முதலில் நான். கடைசியில் நீ" என்ற இடத்தில் தலை நின்றது. "வாத்தியாரு இல்லையா?" என்றார். நான் பதில் சொன்னால் வாசிப்பு நின்றுவிடும் என்று தெரிந்தது. நிறுத்தாமல் வாசித்தேன். மழை நாள் வந்தபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. "ஒரக்க வாசிங்க" என்றார். அந்தப் பகுதியை மறுபடி முதலிலிருந்து உரக்க வாசித்தேன். உள்ளேயிருந்து என் அம்மா, "என்னடி அங்க காலங்காத்தால வாசிப்பு? தண்ணி வந்துச்சா இல்லையா?" என்று கேட்டார்.

முடித்ததும் உன் அம்மா என்னைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"ராத்திரி அவ கைக்கு வேப்பெண்ணெ தடவி விடுவேன். எரியுதுன்னு கத்துவா. யாருடின்னு கேட்டா வாத்தியாரும்பா. நான் அந்த மனுசனை எத்தனை சாபம் விட்டிருப்பேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "மழை நாள்ல ஒங்களுக்கு வெந்நி வச்சுக் குடுக்கச் சொல்லி உத்தரவு. ஊதி ஊதி வச்சேன் தாயி. குளிச்சுட்டுத்தானே போனீக?"

"ஆமா" என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இன்னொரு கடுதாசி இருக்குல்ல, வாசிங்க" என்றார்.

உன்னுடையதை வாசித்தேன். நீ குச்சி ஓங்கியதைக் கேட்டு, "அடப் பாவி மகளே" என்றார், யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. நீ வேலைக்குப் பயந்து என் பெயரைச் சொல்லாமல் இருந்ததை வாசித்தபோது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

பிறகு அந்த நாலு வரி, இடுப்பில் செருகியிருந்த உன் முந்தின கடிதத்திலிருந்து. விடாமல் வாசித்தேன். சின்னக்கண்ணு குடத்தின் விளிம்பில் விரலால் தட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"இது எப்ப எழுதுனது?"

"ஆடி மாசம். நான்தான் விட்டுட்டேன்."

உன் அம்மா சின்னக்கண்ணைப் பார்த்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "அனுப்பலாம். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? எனக்கு முட்டி மடங்க மாட்டேங்குது. இந்த அண்டாவுக்கு இன்னும் ஒம்பது கொடம் வேணும். தண்ணி இல்லைன்னா ஒங்க ஆத்தா நாளைக்கு வேற ஆளைப் பாப்பாக. சொல்லுங்க, யாரு ஊத்துறது?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கணக்குக் கேட்பது போலக் கேட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் இன்னும் எந்தச் சத்தமும் இல்லை. முதல் பிள்ளை வரவில்லை.

நான் சின்னக்கண்ணிடம் கையை நீட்டினேன். அவள் ஒரு எட்டு பின்னால் போனாள். "குடத்தை இங்குட்டுக் குடு. நீ போய்ச் சிலேட்டை எடுத்துக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடு" என்றேன். அவள் உன் அம்மாவைப் பார்த்தாள். உன் அம்மா என்னைப் பார்த்தார்.

"ஊருணியில ஊரே நிக்கும் தாயி. நீங்க வாசலே தாண்டுனதில்லை."

நான் குடத்தை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். வெறுங்குடமே கனத்தது. பின்னால் என் அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். படலைத் திறந்துகொண்டு ஊருணிக்கு நடந்தேன்.

வீரலட்சுமி